மூச்சு விடுதல்

நுழையும்முன்

நோய் உடலுக்கு வருவது. அதை மறைக்க வேண்டும் என்னும் அச்சமோ வீட்டுக்கும் ஊருக்கும் வருவது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கான கோடை முகாம் ஒன்றில் பத்து நாள்கள் தங்கிய சிறுமி, தன் மூச்சைப் பற்றியும் தன் தந்தையின் மூச்சைப் பற்றியும் அறிந்துகொண்டவற்றை வளர்ந்தபின் எண்ணிப் பார்க்கும் தன்அனுபவக் கட்டுரை இது.

தமிழில் மூச்சை இழுக்கிறோம், வாங்குகிறோம், அடக்குகிறோம், விடுகிறோம். ஆனால், சுவாசித்தல் என்னும் முழுச்செயலையும் குறிக்க நாம் வழங்கும் தொடர் ‘மூச்சு விடுதல்’ என்பதே. உள்ளே இழுப்பதைக் காட்டிலும் வெளியே விடுவதற்கே நம் மொழி முதலிடம் தந்திருக்கிறது. அத்தொடருக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு செய்தியை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதற்கு ‘மூச்சு விடாதே’ என்கிறோம். இவ்விரண்டு பொருள்களும் என் இளமையில் ஒருசேர வந்து அமைந்தன. எனக்கு ஆஸ்துமா இருந்தது. அதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்பது வீட்டின் கட்டளையாக இருந்தது.

ஊரும் நோயும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் உத்திரகாவிரி எங்கள் பகுதியின் ஆறு. மழைக்காலத்தில் நீராகவும் கோடையில் மணலாகவும் அது கிடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு மலையூர்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கும். அன்று தெருவெங்கும் புழுதி எழும். மழை பொய்த்த ஆண்டுகளில், நிலத்தை நம்பியிருந்தவர்களில் பலர் மாதனூர் வழியாக ஆம்பூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பரந்து கிடக்கும் தோல் தொழில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

அக்குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் பக்கத்தில் ‘தோல் ஷாப்’ என்று சொல்லப்படும் பதனிடும் ஆலையொன்றில் அப்பா வேலை செய்தார். பதனிட்டு உலர்ந்த தோலின் மேற்பரப்பை, உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்து மென்மையாக்கும் ‘பஃபிங்’ பிரிவு அவருடையது. தேய்க்கும்போது மாவுபோல் மெல்லிய தோல்துகள் பறக்கும். மாலையில் பேருந்திலிருந்து அவர் இறங்கி வரும்போது அவருடைய புருவமும் சட்டையும் சாம்பல் பூத்திருக்கும். நான் ஓடிச்சென்று அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். அந்தச் சட்டையின் வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை.

பெரும்பாலும் இரவில்தான் நோய் வரும். முதலில் ஒரு வறட்டு இருமல். பின்பு நெஞ்சைக் கயிறு கொண்டு இறுக்கியதுபோன்ற உணர்வு. படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்சுக்குப் போராடுவேன். உள்ளே எங்கோ ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒலி கேட்கும். ஆயா இதனை ‘இழுப்பு’ என்பார். அம்மா ‘இளைப்பு’ என்பார். மருந்துக்கடைக்காரர் ‘வீசிங்’ என்பார். கற்பூரம் கலந்த எண்ணெயைச் சூடாக்கி அம்மா நெஞ்சில் தேய்ப்பார். ஆயா தூதுவளையும் ஆடாதோடையும் கொண்டுவந்து கசாயம் வைப்பார். ஐதராபாத்தில் ஆண்டுதோறும் மிருகசீரிட நாளில் தரப்படும் மீன் மருந்துக்கு அழைத்துச்செல்லலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். பயணச்செலவை எண்ணி அந்தப் பேச்சு நின்றுபோனது.

மறுநாள் பள்ளிக்குக் கொடுக்கும் விடுப்புக் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்றே எழுதப்படும். “பெண் பிள்ளை. நாளைக்கு நாலு பேர் வீட்டுக்குப் போகவேண்டியவள். இந்த நோயைப் பற்றி வெளியில் மூச்சு விடாதே, கண்ணு” என்பார் ஆயா. அவர் கொடுமைக்காரர் அல்லர். என் நெஞ்சைத் தடவியபடி விடியும்வரை விழித்திருந்தவர் அவரே. ஆனால், நோயைவிட ஊர்ப்பேச்சு அவரை மிகுதியாக அச்சுறுத்தியது. உடற்கல்வி வேளையில் மற்றவர்கள் விளையாட, நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புகளுக்கும் காவல் இருப்பேன். காரணம் கேட்பவர்களுக்கு ‘கால்வலி’ என்று சொல்லப் பழகியிருந்தேன்.

முதல் இரவு

2001ஆம் ஆண்டு மே மாதம். எனக்கு அப்போது பதினொரு வயது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்காக மருத்துவர்கள் சிலரும் தன்னார்வலர்களும் சேர்ந்து, மலையடிவாரப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் பத்து நாள் கோடை முகாம் நடத்தினார்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் வந்திருந்தோம். மலைக்காற்று பட்டால் நோய் போய்விடும் என்று நம்பியே அம்மா என்னை அனுப்பினார். உறவினர்களிடம், ‘ஓவிய வகுப்புக்குப் போயிருக்கிறாள்’ என்று சொல்லப்பட்டது.

முதல் நாள் இரவு, கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நள்ளிரவில் ஓர் ஒலி கேட்டு விழித்தேன். அதே பூனைக்குட்டி ஒலி. அனிச்சையாக என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். என் மூச்சு சீராக இருந்தது. ஒலி எனக்கு இரண்டு பாய்களுக்கு அப்பால், பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த சிறுவனிடமிருந்து எழுந்தது. அவனும் முழங்கால்களில் கையூன்றி, தோள்களை உயர்த்தி உட்கார்ந்திருந்தான். அதுநாள்வரை அந்த ஒலியை நான் என் உடலுக்குள்ளிருந்து மட்டுமே கேட்டிருந்தேன். உலகத்தில் எனக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த ஒன்று, இன்னொருவரிடமிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

மருத்துவர் வந்தார். விளக்கைப் போட்டார். இன்ஹேலரைக் கொடுத்து, “மெதுவாக, மெதுவாக” என்று அவன் முதுகில் கைவைத்திருந்தார். விழித்துக்கொண்ட குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தோம். ‘போய்ப் படுங்கள்’ என்று எங்களை எவரும் விரட்டவில்லை. கால் மணி நேரத்தில் அவன் மூச்சு இறங்கியது. எங்களைப் பார்த்துச் சிரித்து, “உனக்கும் இப்படித்தான் வருமா?” என்று என்னைக் கேட்டான். “ஆமாம்” என்றேன். அந்த ஒரு சொல்லை வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுவே முதன்முறை.

கற்றுக்கொண்டவை

மறுநாள் காலையில் மருத்துவர் இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழல்களை எங்களுக்குக் கொடுத்தார். நுரையீரலுக்குள் கிளைவிட்டுச் செல்லும் மூச்சுக்குழல்களைக் கரும்பலகையில் வரைந்தார். “ஆஸ்துமா வரும்போது மூன்று நடக்கின்றன. குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது. காற்று உள்ளே போகவில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மையில், போன காற்று முழுவதும் வெளியே வரவில்லை. பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடுவதால் புதிய காற்றுக்கு இடமில்லை” என்றார். எங்கள் துன்பம் மூச்சை வாங்குவதில் மட்டும் இல்லை, விடுவதிலும் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்ஹேலரைப் பற்றி எங்கள் வீடுகளில் இருந்த அச்சங்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ‘பழகிவிடும்’, ‘அது கடைசி மருந்து’, ‘மாத்திரையைவிட வீரியமானது’ என்று நாங்கள் அடுக்கினோம். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், குருதியில் கலந்து, உடலெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வரவேண்டும். இன்ஹேலர் மருந்தோ நேராக மூச்சுக்குழலுக்கே செல்கிறது. அதனால்தான் குறைந்த அளவே போதும். மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் மருந்து வேறு, வீக்கம் வராமல் நாள்தோறும் காக்கும் மருந்து வேறு என்பதையும், நலமாக இருக்கிறோம் என்று இரண்டாவதை நாமாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அறிந்தோம்.

இன்ஹேலரிலிருந்து வேகமாகப் பாயும் மருந்தைச் சிறு குழந்தைகளால் சரியான கணத்தில் இழுக்க முடியாது. நடுவில் ஒரு கலம் இருந்தால் மருந்து அதில் தங்கும்; குழந்தை நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். அக்கலத்தை விலைகொடுத்து வாங்க எல்லாராலும் இயலாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர் ஹெதர் ஜார் குழுவினர், 500 மில்லிலிட்டர் நெகிழிப் புட்டியைக் கொண்டு செய்த கலமும் அதே அளவு பயன்தருகிறது என்பதை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டிருந்தனர். அதே முறையில் நாங்களும் செய்தோம். தண்ணீர்ப் புட்டியின் அடியில் சூடான கம்பியால் இன்ஹேலரின் வாயளவுக்குத் துளையிட்டு, பசையிட்டு ஒட்டினோம். தூக்கியெறியப்பட்ட புட்டி ஒன்று என் மருந்துக்கலம் ஆயிற்று.

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்னும் சிறு குழாயில் முழுவேகத்தோடு ஊதி, நகரும் குறிமுள் காட்டும் எண்ணைக் குறித்துவைத்தோம். என் சிறந்த அளவு 260. அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் என்றால் பச்சை. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் மஞ்சள். ஐம்பதுக்குக் கீழே சிவப்பு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதுவரை என் நோய் இருட்டில் வந்து தாக்கும் ஒன்றாக இருந்தது. இப்போது அதற்கு எண் இருந்தது. அது வருவதற்கு முன்பே அதன் காலடி எனக்குக் கேட்கத் தொடங்கியது.

ஆறாம் நாள் மாலை சடுகுடு ஆடச் சொன்னார்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகும் ஆட்டம் அது. ஆஸ்துமாக்காரர்களுக்கா சடுகுடு என்று திகைத்தோம். மருத்துவர் எங்கள் அளவுகளைப் பார்த்து, ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே மருந்தை இழுக்கச் செய்தார்; மைதானத்தைச் சுற்றி மெல்ல நடக்கச் செய்தார். என் முறை வந்தது. கோட்டைத் தாண்டினேன். ‘சடுகுடு சடுகுடு’ என்ற பாட்டோடு என் மூச்சு சீராக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பெரிய வெற்றி அன்று. ஆனால், அன்று என் செருப்பும் மற்றவர்களுடைய செருப்புகளோடு மைதானத்தின் ஓரத்தில் கிடந்தது.

தெரியுமா?

1955ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஆஸ்துமா நோயால் துன்புற்ற பதின்மூன்று வயதுச் சிறுமி சூசி, தலைமுடிக்குத் தெளிக்கும் திரவத்தைப்போல் தன் மருந்தையும் ஏன் ஒரு குப்பியிலிருந்து தெளித்துக்கொள்ள முடியாது என்று தன் தந்தையிடம் கேட்டாள். தந்தை ஜார்ஜ் மேசன், ரைக்கர் என்னும் மருந்து ஆய்வகத்தின் தலைவர். அவ்வினாவின் பயனாக, அளவறிந்து மருந்தைத் தெளிக்கும் இன்ஹேலர் 1956இல் பயன்பாட்டுக்கு வந்தது. தன் நோயைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரு சிறுமிக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

அப்பாவின் மூச்சு

கடைசி நாள் பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். மருத்துவர் அவர்கள் கையிலும் ஆளுக்கொரு உறிஞ்சுகுழலைக் கொடுத்தார். மூக்கை அடைத்துக்கொண்டு, குழல் வழியாக மட்டும் மூச்சு விட்டபடி கூடத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். முதலில் சிரிப்பொலி எழுந்தது. பாதிச் சுற்றில் அது அடங்கியது. அம்மா குழலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் குழலோடு ஒரு முழுச் சுற்றும் வந்தார். அவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

மருத்துவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அப்பாவின் வேலையைப் பற்றி விசாரித்தார். பின்பு, “ஐயா, உங்களுக்கு இருமல் உண்டா?” என்று கேட்டார். அப்பா, “அதெல்லாம் இல்லை, டாக்டரம்மா” என்றார். “ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சு இலேசாக இருக்கிறதா?” என்பது அடுத்த கேள்வி. அப்பா பேசவில்லை. அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை இராத்திரி மட்டும் நன்றாகத் தூங்குவார்.”

வேலையிடத்துத் தூசியாலும் வேதிப்பொருள்களாலும் உண்டாகும் ஆஸ்துமாவை மருத்துவர்கள் தனி வகையாகவே கருதுகிறார்கள். வேலை நாள்களில் மிகுந்து, விடுமுறையில் தணிவது அதன் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. அப்பா தம் மூச்சிரைப்பை எத்தனை ஆண்டுகளாக மறைத்துவந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. நோயாளி என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. என்னை மூச்சு விடாதே என்று அடக்கிய அதே வீட்டில், அவர் தம்மைத் தாமே அடக்கிக்கொண்டிருந்தார்.

பாலாற்று நீர் கெட்ட கதை நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஆற்றின் கேடு எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. ஆகவே அதைப் பற்றிப் பேச முடிந்தது. நான்கு சுவர்களுக்குள் ஒரு தொழிலாளி இழுக்கும் தூசியோ, அவர் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும்.

“பாப்பாவின் நோய்க்கு இந்தத் தூசிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எரிகிற அடுப்பில் இதுவும் ஒரு சுள்ளி” என்றார் மருத்துவர். அப்பா நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு, “வேலையை விட முடியாது, டாக்டரம்மா. சட்டையை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறேன்” என்றார்.

சொன்னதைச் செய்தார். வாசல் வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்தார். வேலைச் சட்டை அதில் தொங்கும். தொட்டியடியில் குளித்து, வேறு உடை உடுத்திய பின்னரே என்னைத் தூக்குவார். இலவம்பஞ்சுத் தலையணைகள் வெயிலுக்குப் போயின. விறகடுப்பு கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தது. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை வந்தது. அப்பாவும் மருத்துவரிடம் காட்டிக்கொண்டார். பொதிகட்டும் பிரிவுக்குத் தம்மை மாற்றும்படி ஆலையில் கேட்டார். கிடைப்பதற்கு ஓராண்டு ஆயிற்று. கூலி குறைந்தது. அதனால் வீட்டில் நெருக்கடியும் வந்தது. ஆயினும், செவ்வாய், புதன் இரவுகளிலும் அவர் உறங்கினார்.

ஆயாவின் அச்சம் உடனே போகவில்லை. ஆனால், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் எனக்கு மூச்சிரைப்பு வந்தபோது விடுப்புக் கடிதத்தை அப்பா எழுதினார். ‘காய்ச்சல்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘ஆஸ்துமா’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

வீடு திரும்புதல்

மலைக்கு அனுப்பினால் மூச்சு சீராகும் என்னும் நம்பிக்கை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்தில் 1,560 மீட்டர் உயரத்திலுள்ள டாவோஸ் நகருக்கு நெதர்லாந்து நாட்டு ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டார்கள். உயரமான வறண்ட இடங்களில், வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகள் குறைவு என்பது அதற்கொரு காரணம். அமெரிக்காவின் டென்வர் நகரில், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நெடுங்காலம் தங்கவைத்துச் சிகிச்சை தந்த இல்லம் ஒன்று இருந்தது. ஆனால், எந்த மலையிலிருந்தும் குழந்தை ஒருநாள் வீடு திரும்பத்தான் வேண்டும். அங்கே அதே தலையணையும், அதே புகையும், அதே மௌனமும் காத்திருந்தால் மலைக்காற்று எத்தனை நாளைக்கு உதவும்? எங்கள் முகாம் எங்களைப் பத்தே நாள்களில் திருப்பி அனுப்பியது. எங்களோடு ஒரு புட்டியையும், ஓர் எண்ணையும், பேசும் துணிவையும் அனுப்பியது.

என் நோய் போய்விடவில்லை. இப்போதும் என் கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. ஆனால், அதை எடுக்கும்போது நான் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 4,55,000 பேர் அதனால் இறந்தனர். இறப்புகளில் பெரும்பாலானவை, நோய் உரிய காலத்தில் கண்டறியப்படாத, மருந்து சரிவரச் சென்றுசேராத ஏழை நாடுகளில் நிகழ்ந்தவை. மருந்து கிடைக்காமை ஒரு தடை. கையில் மருந்து இருந்தும் பிறர் முன்னிலையில் எடுக்க நாணுவது இன்னொரு தடை. முதல் தடையை நீக்க அரசும் மருத்துவமும் வேண்டும். இரண்டாவதை நீக்க ஒரு வகுப்பறை போதும்.

உங்கள் வகுப்பிலும் உடற்கல்வி வேளையில் ‘கால்வலி’ என்று ஒதுங்கி உட்காரும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு மூச்சிரைத்தால் படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். சூழ்ந்து நின்று காற்றை மறைக்காதீர்கள். அவருடைய இன்ஹேலரை எடுத்துக்கொடுங்கள். தணியாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லி, 108ஐ அழையுங்கள். மூச்சு சீரான பிறகு, பேரணாம்பட்டுச் சிறுவன் என்னிடம் கேட்டதுபோல், இயல்பாக ஏதேனும் கேளுங்கள். அவர் தன் நோயைப் பற்றி முதன்முதலாகப் பேசப்போவது உங்களிடமாகவும் இருக்கலாம்.